கை எட்டாத இருக்கை

மொட்டை மாடியில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. இசைவாணி அடுப்பைத் தணித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். விடிந்தும் விடியாததுமாக மேலே யார் பந்தி போடுகிறார்கள்?

யாராக இருக்கும்! அவள் புருஷன்தான். பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்ததிலிருந்து பகலவனின் போக்கே சரியில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவனிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பாஸா?" அதற்கு அவன், "இன்னும் சொல்லல" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான். அதோடு வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறான். படு என்றால் படுக்கிறான். தூங்குகிறானா என்பது மேலே சுற்றுகிற மின்விசிறிக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் அவன் பேச்சை விற்றுப் பிழைத்தவன். விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இந்தக் கொட்டாரக்குடியில், சிறு வயதில் கூலிக்கு நாற்றுப் பறித்து, பிறகு சொந்தமாக நாலு ஏக்கர் சேர்த்த வைரக்கண்ணுவின் மகன். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில், மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எத்தனையோ பிள்ளைகளை மேலே ஏற்றிப் பத்திரமாகக் கீழே இறக்கியவன்.

தை மாதம் நடந்த மருத்துவப் பரிசோதனையில் எல்லாம் கவிழ்ந்தது. இதயத் துடிப்பு நடுநடுவே ஒரு கணம் நின்று போகிறதாம். இனி விமானம் ஓட்டக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் கூடாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். மேல்முறையீடு செய்து பார்த்தாயிற்று. அதே பதில்தான்.

இது இசைவாணிக்கு மட்டும் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கு அவன் நீண்ட லீவில் வந்திருக்கிறான்.

மிச்சமிருந்த ஒரே வழியைத் தேடிக் கண்டுபிடித்தவளும் அவள்தான். திருத்துறைப்பூண்டிக்காரி, அந்தப் பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தில் அட்டவணை போட்டவள். விதிகள் அவளுக்கு அத்துப்படி. விமானத்தின் முன்பகுதியை அச்சு அசலாகச் செய்து ஓர் அறைக்குள் வைத்திருப்பார்கள், சிமுலேட்டர் என்று. அது தரையை விட்டு ஒரு அங்குலமும் எழும்பாது. ஆகவே அதில் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அந்த மருத்துவச் சான்று தேவையில்லை. விமானத்து ஆசிரியர் சிமுலேட்டர் ஆசிரியராக மாறிக்கொள்ளலாம்.

பெங்களூரில் ஒரு மையம் அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவன் கடைசியாக நிஜ விமானத்தில் கொடுத்த திறன் சோதனைக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அது முடிவதற்குள் அங்கே ஒரு பரீட்சையில் பாஸ் செய்து மாறிவிட வேண்டும். முடிந்துவிட்டால் மறுபடி நிஜ விமானத்தில் ஏறித் திறனைக் காட்ட வேண்டும். ஏறத்தான் விட மாட்டார்களே! அந்த ஒரு வருஷம் நாளையோடு முடிகிறது.

இசைவாணி மாடிப்படி ஏறினாள்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் முன்னால் அருகருகே போடப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டாத தூரத்தில் இன்னொன்று. அதில் பகலவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, காலியாக இருந்த முன் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது?"

"கிட்ட வராத இசை. ஓடிக்கிட்டிருக்கு."

"எது ஓடிக்கிட்டிருக்கு?"

"பாடம்."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அவன் நெற்றியில் வேர்வை அரும்பியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. புரட்டாசி மாதத்துக் காலையில், மழைக்காற்று வீசுகிறபோது, உட்கார்ந்த இடத்தில் ஒருத்தனுக்கு வேர்க்குமா?

அவள் முன்னால் இருந்த நாற்காலி ஒன்றில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். "பெங்களூர்ல என்ன நடந்துச்சு? சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன். உலை பொங்கி அடுப்பு அணைஞ்சாலும் சரி."

பகலவன் ஒரு கையை வெளியே எடுத்து நெற்றியைத் துடைத்தான். பிறகு, "ஃபெயிலு" என்றான்.

"இன்னும் சொல்லலன்னீங்களே?"

"உன்கிட்ட நான் இன்னும் சொல்லலன்னு அர்த்தம்."

அடப்பாவி மனுஷா! அவளுக்கு எழுந்து அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. இரண்டு நாளாக அவள் சாமி படத்துக்கு முன்னால் நின்ற நிற்பென்ன, இவன் செய்திருக்கிற காரியமென்ன!

"ஷஹ்பாஸ்னு ஒரு ஆளு முன்னால உக்காந்து ஓட்டுறான்" என்று அவனே தொடர்ந்தான். "நான் பின்னால. எனக்குப் பக்கத்துல பரிசோதகர், பூர்ணிமா மேடம். நான்தான் பட்டன அமுக்கி ஒரு இன்ஜின நிறுத்தினேன். அவன் என்ன பண்றான்னு பாக்கணும்ல? தப்பான பக்கம் கால அமுக்கிட்டான். விமானம் சாயுது. தரை மேல வருது. விட்டுடணும் இசை. விழ விடணும். விழுந்தப்புறம் நிறுத்தி வச்சு, எங்க தப்புப் பண்ணினன்னு கேக்கணும். அங்க பாடமே அதுதான்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"பெல்ட்டக் கழட்டிட்டு எந்திரிச்சு ஓடி, அவன் தோளுக்கு மேல கைய விட்டு, அவன் ஓட்டுற ஸ்டிக்கப் புடிச்சுட்டேன்." உள்ளங்கைகளை மறுபடி தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டான். "பூர்ணிமா மேடம் நல்லவங்க. திட்டல. 'கேப்டன், அது திரை'ன்னாங்க. அவ்வளவுதான்."

பதறிப் போய்த் தூக்கப் பாய்ந்திருக்கிறான், ஒன்றுமே விழாத இடத்தில்!

"இன்னொரு வாய்ப்புக் குடுத்திருக்காங்க" என்றான். "நாளைக்குக் காலையில. அதான் கடைசி. இன்னிக்குப் பொழுது சாயத் தஞ்சாவூர்ல பஸ் ஏறணும்."

"அப்ப ஏறணும்ல? இங்க நாற்காலி போட்டு விளையாடிக்கிட்டிருந்தா?"

"ஏறிப் போயி? நான் என்ன பண்ணட்டும் இசை, கைய வெட்டியா வச்சுட்டுப் போறது? பக்கத்துல உக்காந்தே பழகின கை. புள்ள தப்புப் பண்ணினா அதுவாப் போகுது. அங்க பின்னால உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறதுதான் வேலை. சரி, பாஸே பண்றேன்னு வையி. அங்கேருந்து திரும்ப விமானத்துக்கு மாறணும்னா நிஜத்துல ஏறி எறக்கிக் காட்டணும். எனக்கு அது ஒருவழிப் பாதை."

"அடைச்சுக் கெடக்குற பாதைக்கு ஒருவழிப் பாதை தேவலாம்ங்க" என்றாள் அவள். அவளுக்கு இவன் விமானி என்பதெல்லாம் வேண்டாம். சொல்லிக்கொடுக்கும்போது இவன் முகத்தில் வருமே ஒரு களை, அது போய்விடக் கூடாது. அது தை மாதத்திலிருந்து இல்லை. சவரம் செய்யாத முகமாக, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நடமாடுகிறான்.

"பகலவா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. வைரக்கண்ணு. "வானம் கறுத்துக்கிட்டு வருது, அங்க என்னடா பண்ற? நெல்ல ஏத்தணும், வா!"

குறுவை அறுப்பு முடிந்து நெல் மூட்டைகள் வாய்க்கால் கரையோரக் களத்தில் அடுக்கியிருந்தன. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கிறது, இன்னும் காய வைத்துக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காய வைக்க வெயில் வேண்டும். வானத்தில் இருந்ததோ கருமேகம். மூட்டைகளைக் கூரை போட்ட கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அத்தனையும் முளைத்துப் போகும்.

டிராக்டரைக் கொண்டுவந்தது செந்தாமரை, பகலவனின் தங்கை. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். புருஷன் துபாயில் இருக்க, வயலையும் டிராக்டரையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். வாயும் அவளுக்குக் குறைச்சலில்லை.

"வாங்க கேப்டன்! எங்க ஏர்போர்ட்டுக்கு வரவேற்கிறோம்" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

வைரக்கண்ணு தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்து ஆட்களிடம், "மழ எப்ப வரும்னு எம்மவன்ட்ட கேளுங்கப்பா. மேகத்துக்குள்ளாற பூந்து வந்தவன்" என்றார். அவருக்கு மகனைப் பற்றிப் பேச ஒரு சாக்குக் கிடைத்தால் போதும்.

பகலவன் மேற்கே பார்த்தான். "மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

இசைவாணி மாமனாரின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். இந்த மனுஷருக்கு ஒரு வழக்கம் உண்டு. மகன் முதன்முதலாக விமானம் ஏறிய நாளிலிருந்து பொழுது சாய்கிற நேரத்தில் போன் போடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "எறங்கியாச்சா?" என்று கேட்பார். "எறங்கியாச்சுப்பா" என்று இவன் சொல்வான். வைத்துவிடுவார். அப்புறம்தான் சோறு. மகன் ஊரில் இருக்கிற நாட்களில் மட்டும் அந்தப் போனுக்கு வேலையில்லை.

தை மாதத்துக்குப் பிறகும் அந்தப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. வடக்கே குடியிருந்த வீட்டில், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "எறங்கியாச்சுப்பா" என்று இவனும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

மூட்டைகளை ஏற்றி முடித்தபோது முதல் தூறல் விழுந்தது. களத்திலிருந்து டிராக்டரைத் திருப்ப இடமில்லை. டிரெய்லரோடு பின்னால் போய், வாய்க்கால் கரையில் ஒடித்துத்தான் பாதைக்கு வர வேண்டும். செந்தாமரை இதை எத்தனையோ முறை செய்திருக்கிறாள்.

"பகலவா, கூட ஏறிக்க. பின்னால பாத்துச் சொல்லு" என்றார் வைரக்கண்ணு.

"வேணாம் மாமா, அவரு இங்க இருக்கட்டும்" என்று இசைவாணி வாயெடுத்தாள். அதற்குள் அவன் சக்கரத்தின் மேலிருந்த மட்காட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். தங்கைக்குப் பக்கத்தில். கை எட்டுகிற தூரத்தில்.

செந்தாமரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னால் விட்டாள். டிரெய்லரின் பின்சக்கரம் கரையோரத்துக்குப் போனது. இன்னும் கொஞ்சம் போனது. அவள் அவசரப்படவில்லை. அந்த ஓரம் வரைக்கும் விட்டால்தான் முன்பக்கம் பாதைக்குத் திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். கீழே வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது.

இசைவாணி டிரெய்லரைப் பார்க்கவில்லை. மட்காட்டைப் பற்றியிருந்த புருஷனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழுவதைப் பார்த்தாள். கத்தக்கூட நேரமில்லை.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்!"

பகலவனின் குரல் களம் முழுக்க ஒலித்தது. விமானத்தில் ஆசிரியர் அப்படிச் சொன்னால் மாணவன் அந்தக் கணமே கையை விட்டுவிட வேண்டும். அங்கே அது சட்டம். செந்தாமரைக்கு அந்தச் சட்டத்தை யார் சொன்னது? ஸ்டியரிங்கைத் திடீரென்று ஒருத்தன் பிடுங்கினால் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணே, விடு! விடுண்ணே!"

அவன் ஒரு பக்கம் இழுத்தான். அவள் ஒரு பக்கம் இழுத்தாள். சக்கரம் கரையை விட்டு வழுக்கியது. ஸ்டியரிங் வெடுக்கென்று சுழன்று அவள் மணிக்கட்டில் அடித்தது. டிரெய்லர் சாய்ந்து, மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து வாய்க்காலுக்குள் விழுந்தன.

அப்புறம் எல்லோரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். ஆட்கள் மூட்டைகளைப் பிடித்து இழுத்தார்கள். நனைந்த சாக்கை லேசில் தூக்க முடியுமா? தையல் விட்ட சாக்குகளிலிருந்து நெல் கொட்டி, மஞ்சளாய்ப் படர்ந்து, தண்ணீரோடு போனது. செந்தாமரை கரையில் உட்கார்ந்து, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அரற்றினாள். இசைவாணியின் மாமியார் ரெங்கம்மாள் எங்கிருந்தோ ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

வைரக்கண்ணு இடுப்பளவு தண்ணீரில் நின்று மகனைப் பார்த்தார்.

"ஆகாசத்துல ஓட்டுறவனுக்கு டிராக்டர்ல என்னடா கைய வைக்கிற வேல? அவ ஓட்டுறால்ல? நல்லாத்தானடா ஓட்டிக்கிட்டிருந்தா?"

பகலவன் மூட்டை ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். தலையெல்லாம் சேறு.

"நான் எங்கயும் ஓட்டலப்பா" என்றான். "என்னை ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. நெஞ்சுல கோளாறு. தை மாசத்துலேருந்து நான் விமானத்துல ஏறவே இல்ல."

எதற்கு இப்போது, இந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, இத்தனை பேருக்கு நடுவில்! இசைவாணி தண்ணீரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "மாமா, நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்று முந்திக்கொண்டாள். அது பொய். சொல்லிவிடலாம் என்று தினமும் கெஞ்சியவள் அவள்.

"நீ சும்மா இரும்மா." பெரியவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "தை மாசத்துலேருந்தா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப நான் தெனம் போன் போட்டுக் கேட்டனே. எறங்கியாச்சு, எறங்கியாச்சுன்னியே." அவர் கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் போலக் கேட்டார். "எங்கேருந்துடா எறங்கின?"

வைரக்கண்ணு கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, அடுத்த மூட்டையின் காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். மழை வலுத்துப் பெய்தது.

மத்தியானம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. காலையில் தணித்துவிட்டுப் போன அடுப்பில் சோறு குழைந்து கஞ்சியாகக் கிடந்தது. ரெங்கம்மாள் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். வைரக்கண்ணு களத்திலேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, கரையேற்றிய மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதற்கு வரவில்லை.

பகலவன் ஈர வேட்டியோடு கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தான். அவன் பையை எடுத்து வைத்துத் துணிகளை மடித்து அடுக்கினாள் இசைவாணி.

"எதுக்கு அடுக்குற? நான் போகல."

அவள் இன்னொரு சட்டையை மடித்து மேலே வைத்தாள். போன் அடித்தது. செந்தாமரை.

"அண்ணி, எலும்பு விரிசல் விட்டிருக்காம். மாவுக்கட்டுப் போட்டாச்சு."

"ரொம்ப வலிக்குதா தாமரை?"

"வலிக்காமயா? அம்மா எல்லாம் சொன்னாங்க, அந்த நெஞ்சு விஷயத்த, நீங்க அவங்ககிட்ட சொன்ன பெங்களூர் பரீட்சைய. ஏன் அண்ணி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" அழுதாளா, மூக்கை உறிஞ்சினாளா தெரியவில்லை. "இன்னிக்குப் பெங்களூர் போகணுமா அவரு?"

"போகணும். நாளைக்குத்தான் கடைசி. போக மாட்டேங்கிறாரு."

"போகச் சொல்லுங்க. என் கைய ஒடச்சதுக்கு வேலையாச்சும் கெடைக்கட்டும். கெடைக்கலன்னா வந்து எனக்கு டிராக்டர் ஓட்டட்டும். ஐயோ, வேணாம் வேணாம், அது மட்டும் வேணாம்."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. பகலவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. கல்யாணமான இத்தனை காலத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் அழுதால் பஸ்ஸை யார் பிடிப்பது?

"எந்திரிங்க. கார எடுக்கிறேன்" என்றாள்.

"யாரு?"

"நான்தான். உங்கள காரும் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஓட்டத் தெரிஞ்சவ கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நானும் லைசென்ஸ் வச்சிருக்கேன்ல?"

வைத்திருந்தாள், பெட்டிக்குள். லைசென்ஸ் வாங்கிய புதிதில் அவள் ஓட்டும்போதெல்லாம் பக்கத்திலிருந்து இவன் கை ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். எதிரே ஒரு கோழி வந்தால் போதும். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் சாமி என்று சாவியைக் கொடுத்தவள்தான்.

"ஆட்டோ சொல்லிக்கலாம் இசை."

"வேணாம். நான் ஓட்டுவேன், நீங்க பின்னால உக்காருங்க. தஞ்சாவூர் வரைக்கும் கைய வைக்காம வந்துட்டீங்கன்னா நாளைக்கும் வைக்க மாட்டீங்க. நிஜ ரோடு, நிஜ லாரி, நிஜமாவே ஓட்டத் தெரியாத பொண்டாட்டி. இதுக்கு மேல என்ன பரீட்சை வேணும்?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து சட்டை மாற்றிக்கொண்டான்.

மழை விட்டிருந்தது. வாசலில் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரைப் போட்டு, இரண்டு முறை அணைந்து, மூன்றாவதில் கிளம்பினாள். கண்ணாடியில் அவன் தெரிந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

களத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தாள். தார்ப்பாய்க்குள்ளிருந்து வைரக்கண்ணு தலையை நீட்டிப் பார்த்தார். பகலவன் கண்ணாடியை இறக்கினான். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மெயின் ரோடு வந்தது. எதிரே நெல் ஏற்றிய லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. இசைவாணிக்கு உள்ளங்கை வழுக்கியது. இடப்பக்கம் ஒதுங்கினாள். சக்கரம் சேற்றில் இறங்கி மறுபடி ஏறியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அடுத்து ஆட்டு மந்தை. அதற்கும் இல்லை. மினி பஸ் ஒன்று உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. வேறு நாளாக இருந்தால் இதற்குள் அவன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்திருப்பான்!

அவளுக்குள் ஏதோ இளகியது. முடியும். இந்த மனுஷனால் முடியும். நாளைக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்து போன் போடுவான். மாமாவிடம் அவளே போய்ச் சொல்வாள். மூட்டை போனால் போகட்டும். அடுத்தது சம்பா இருக்கிறது.

கார் மட்டும் ஏனோ இழுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மிதித்தாலும் மெதுவாகத்தான் போனது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது எதற்கான விளக்கென்று அவளுக்கு நினைவில்லை. ஏதோ தீய்கிற வாசனை வேறு. ஓட்டாமலே கிடந்த வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருந்தது? பஸ்ஸும் லாரியும் காரும் நீளமாக நின்றன. இசைவாணி வரிசையில் போய் நிறுத்தினாள். பெருமூச்சு விட்டாள். வாய் கொள்ளாத சிரிப்போடு பின்னால் திரும்பினாள்.

"பாத்தீங்களா? பாதி தூரம் வந்த மாதிரிதான். கையே வைக்கல நீங்க!"

அவன் அவளைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் கீழே பார்த்தாள்.

இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே அவன் கை நீண்டிருந்தது. வாசலில் அவள் இறக்கிவிட்டு வந்த ஹேண்ட் பிரேக் பாதி ஏறியிருந்தது. அதை அவன் விரல்கள் நரம்பு புடைக்கப் பற்றியிருந்தன.

"எப்பப் புடிச்சீங்க?"

"தெரியல."

"எப்பன்னு கேக்குறேன்ல!"

"சத்தியமாத் தெரியல இசை. நீ திரும்புற வரைக்கும் நான் கையக் கட்டிக்கிட்டு இருக்கேன்னுதான் நெனச்சேன்."

கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. பயம்தான் வந்தது. அவனுக்குத் தெரியாமலே அவன் கை போகிறது. இதற்கு எந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லி, எந்த நாற்காலியில் உட்கார வைத்து, யார் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? காலையில் இவன் சொன்னபோது, சும்மா சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தாளே!

ரயில் போனது. கேட் எழுந்தது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின.

"கைய எடுங்க. போகணும்."

அவன் தன் கையைப் பார்த்தான். யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான். விரல்கள் விடவில்லை.

"எடுக்கணும்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

அவள் தன் கையை அவன் கைமேல் வைத்தாள். சில்லென்றிருந்தது. ஒரு விரலைப் பிரித்தாள். அடுத்ததைப் பிரிப்பதற்குள் முதல் விரல் திரும்ப மடங்கிக்கொண்டது. பின்னாலிருந்த லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி ஏதோ கத்திவிட்டுப் போனான். வண்டிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டத் தொடங்கின.

அப்போதுதான் போன் அடித்தது. அவளுடைய போன். திரையில் மாமா என்று வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் அவர் போன் போடுகிற எண் இது இல்லை. மகனுடைய எண்ணை விட்டுவிட்டு அவளைக் கூப்பிடுகிறார்.

எடுத்தாள். தார்ப்பாயில் சொட்டுகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு கரகரவென்று அவர் குரல்.

"ஏம்மா. எறங்கியாச்சா?"

எறங்கியாச்சு மாமா, பஸ் ஏறப் போறாரு என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பகலவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"இல்ல மாமா" என்றாள். "இன்னும் எறங்கல."

அவர் போனை வைக்கவில்லை. தார்ப்பாயில் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டைத் தாண்டிப் போனது. மணி அடித்தது. அடுத்த ரயிலுக்காகக் கேட் மறுபடி இறங்க ஆரம்பித்தது.